தட்டைக் கோடு

மூன்று முறை கூப்பிட்டேன்.
அக்கலுக் கடல்பனியின் மேல் நடந்துகொண்டே இருந்தான்,
கறுத்த நீர் தெரியும் விளிம்பை நோக்கி.
ஓடிப்போய்த் தொப்பியைப் பிடித்து இழுத்து
அறைந்தேன்.

எதையும் காதில் வாங்காத பிள்ளை என்று
பள்ளியில் சொன்னார்கள், மீன் கொட்டகையில் சொன்னார்கள்,
நானும் சொல்லியிருக்கிறேன்.
வாங்கவில்லைதான்.
வாங்கும் இடத்தில் நீர் கட்டிக் கிடந்தது.

மார்ச்சில் படகு கிடையாது.
பிர்கித்தே ஹெலிகாப்டரில் வந்தாள்,
ஒரு பெட்டி, ஒரு தெர்மாஸ், நனைந்த கையுறைகளோடு.
அவன் காதில் ரப்பர் முனையைப் பொருத்தினாள்.
காற்று உள்ளே போய் மெல்லத் தள்ளிப் பார்க்குமாம்,
வீட்டில் ஆள் இருக்கிறதா என்று.
செவிப்பறை அசைந்தால் தாளில் ஒரு மலை எழும்.
மகள் பனிங்குவாக்கின் தாளில் எழுந்தது,
தீவுக்கு எதிரே நிற்கிற மலையைப் போலவே
ஒரு தோள் சரிந்து.
அவன் தாளில்
வலதும் உறைந்த கடல்
இடதும் உறைந்த கடல்.

ஏன் என்று கேட்டேன்.
ஹாலிபட் எடைச் சீட்டைப் புரட்டி வரைந்தாள்:
மூக்கின் பின்புறமிருந்து நடுக்காதுக்கு ஒரு குழாய்.
நமக்கு அது சரிவாய் இறங்குகிறது;
கொட்டாவி விட்டால், எச்சில் விழுங்கினால்
ஒரு நொடி திறந்து காற்றை விட்டு மூடும்.
பிள்ளைகளுக்குக் குட்டை, ஏறக்குறையப் படுக்கை.
சளி பிடித்தால் வீங்கி ஒட்டிக்கொள்ளும்.
உள்ளே மாட்டிய காற்றைச் சுற்றியுள்ள சதை
கொஞ்சம் கொஞ்சமாய்த் தின்று தீர்க்கும்.
தின்ற இடம் பறையை உள்ளே இழுக்கும்.
பிறகு சுவரே கசியும்.
முதலில் தண்ணீர். போகப் போகக் கூழ்.

வலிக்காதா?
பெரும்பாலும் வலிக்காது, என்றாள்,
அதனால்தான் அடி வாங்குகிறார்கள்.
என்னைப் பார்க்காமல் சொன்னாள்.

அப்புறம் அவள் கேட்டாள்.
எத்தனை பேர்? ஏழு. அறை? இரண்டு.
சன்னல்? அக்டோபரில் ஒட்டினால் மே மாதம்.
இருமல் யாரிடமிருந்து? யாருக்குத் தெரியும்,
ஒரே கோப்பைத் தேநீர் மாதிரி
கை மாறிக்கொண்டே இருக்கும்.
வாயைத் திறந்து தூங்குகிறானா? ஆமாம்.
மூக்கின் பின்னால் அடினாய்டு சதை பெருத்திருக்கிறது.
வீட்டுக்குள் புகைப்பது யார்?

என் விரல் சட்டைப் பைக்குள் போயிற்று,
பெட்டியை மூட.
மூடித்தான் இருந்தது.

ஒரே காரணம் என்று எதையும் சொல்ல முடியாது, என்றாள்.
அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு
இன்னும் ஒரு வாரம் உள்ளேயே புகைத்தேன்.

மூன்று மாதம் காத்திருக்கச் சொன்னார்கள்.
பலருக்குத் தானே வடியுமாம்.
கோடு எழவில்லை.

ஜூனில் இலுலிசாட்டுக்குப் பறந்தோம்.
விமானம் இறங்க இறங்க வெளிக்காற்று கனத்தது,
அவன் கதவு திறக்கவில்லை.
இரண்டு கையாலும் தலையை இடுக்கிக்கொண்டு
ஊளையிட்டான். காய்ந்த மீனை நீட்டினேன்,
மெல்லு, விழுங்கு, மெல்லு.
அந்த நேரம் பார்த்து என் காது
'ளக்' என்று சுலபமாய்த் திறந்துகொண்டது.
அவ்வளவு வெட்கம் எனக்கு முன்பு வந்ததில்லை.

சதையை எடுத்தார்கள்.
பறையில் கீறிக் கூழை உறிஞ்சிவிட்டு
மீன் கண்ணைவிடச் சின்னதாய்
ஒரு குழாய் வைத்தார்கள், காதுக்கு ஒன்று.

வீடு திரும்பியதும் சண்டைக்கு வந்தான்.
குளிர்பெட்டி ஏன் முனகுகிறது?
கூரையில் யார் கீறுவது?
கடற்பறவை நடக்கிறது, என்றாள் பனிங்குவாக்,
நீ பிறந்ததிலிருந்து நடக்கிறது.

இரவு, சூரியன் மறையாத இரவு,
என் பக்கத்தில் படுத்தவன் எழுந்து உட்கார்ந்தான்.
அத்தாத்தா,
உன் நெஞ்சுக்குள்ளே யாரோ சீட்டியடிக்கிறார்கள்.

மூச்சை அடக்கினேன்.

இப்போது நின்றுவிட்டது, என்றான்.
தலையைச் சாய்த்து
காத்துக்கொண்டிருந்தான்,
நான் மூச்சு விட.